ஓய்வூதியருக்கு ஒரு வகுப்பறை

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் உள்ள எங்கள் கிளையில் காலை பத்து மணிக்கு முன்பே நாற்காலிகள் நிரம்பிவிடும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கவரும் ஓய்வூதியர்களின் கூட்டம் அது. 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணுச் சான்றிதழ் முறை தொடங்கப்பட்டது. 2021இல் முக அடையாளம் காட்டியே கைப்பேசி வழியாகச் சான்றளிக்கும் வசதியும் வந்தது. இருப்பினும், நேரில் வந்து நான்கு பேரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவதையே பலர் விரும்புகின்றனர். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அப்படியொரு நவம்பர்க் காலையில் எழுபது வயதைத் தாண்டிய வாடிக்கையாளர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். சான்றிதழுக்காக வந்திருக்கிறார் என்று எண்ணிப் படிவத்தை எடுத்தேன். “அதை வீட்டிலேயே போனில் முடித்துவிட்டேன் சார். வேறொன்று கேட்க வேண்டும். வட்டிக் கணக்கில் ‘இ’ என்று ஓர் எண் வருமாமே, அது என்ன எண்?” என்றார். கையில் இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. நீல மையில் எழுதிய பக்கங்கள், இடையிடையே வரைபடங்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலான வங்கிப் பணியில் வட்டி விகிதம் ஏன் குறைந்தது என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் கூடியது என்று கேட்டவர்களும் உண்டு. இப்படிக் கேட்டவர் இவர் ஒருவரே.

அவர் இந்நகரின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வெப்பப் பதப்படுத்தல் பிரிவில், தொழிலாளர் வழக்கில் சொன்னால் ‘ஹீட் ட்ரீட்மென்ட்’ பிரிவில், முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழோடு வேலைக்குச் சேர்ந்தவர். உலையிலிருந்து எடுத்த பற்சக்கரம் என்ன நிறத்தில் இருக்கும்போது எண்ணெயில் தோய்க்க வேண்டும் என்பது அவருக்குக் கண்பாடம். ஆனால், அப்படித் தோய்த்தால் எஃகு ஏன் இறுகுகிறது என்பதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. “இன்ஜினியர்களிடம் கேட்டால், சார்ட்டில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள் என்பார்கள். கேட்பதை விட்டுவிட்டேன்” என்றார்.

பேத்தி கைப்பேசியில் ஏதோ பாடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, “என் தொழிலுக்கும் இதில் பாடம் உண்டா?” என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். தேடிய சில நொடிகளில் வந்து நின்றது உலோகவியல் விரிவுரை வரிசை ஒன்று. ‘என்.பி.டெல்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியத் தொழில்நுட்பக் கல்வித் திட்டத்தின் பதிவு அது. 2003இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் நம் ஊரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டம். பழைய பெங்களூருவாசிகள் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றே சொல்லும் அந்த வளாகத்தின் மதிலோரமாகப் பேருந்தில் போனவர்களில் எத்தனை பேர் உள்ளே ஒரு வகுப்பில் அமர்ந்திருப்போம்? இன்று அந்த வகுப்புகளில் பலவற்றை எவரும் கட்டணமின்றி யூடியூபில் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் சாக்கட்டியும் கரும்பலகையுமாக நடத்திய இயற்பியல் விரிவுரைகள் இத்திட்டத்தின் வழியாகவே உலகெங்கும் சென்றன.

பெரியவருக்குத் தம் கேள்விக்கு விடை சில வாரங்களில் கிடைத்தது. எஃகை ஏறத்தாழ 727 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும்போது இரும்பணுக்களின் அடுக்கு மாறுகிறது. அந்தப் புதிய அடுக்கில் கரி அணுக்கள் புகுந்துகொள்ள இடம் இருக்கிறது. மெல்ல ஆறவிட்டால் கரி வெளியேறித் தனிச் சேர்மமாகப் பிரிந்துவிடும். சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் வெளியேற அதற்கு நேரமில்லை. உள்ளேயே சிக்கிக்கொண்டு அணுவடுக்கைத் திரித்து இறுக்கிவிடுகிறது. ஆடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் ‘மார்ட்டென்சைட்’ என்று வழங்கும் அந்த அமைப்பு மிகக் கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. எனவேதான் மீண்டும் இளஞ்சூடு காட்டி ‘டெம்பர்’ செய்ய வேண்டியிருக்கிறது. இதை என்னிடம் விளக்கும்போது அவர் கைகள் தாமாகவே இடுக்கி பிடிக்கும் பாவனையில் மடங்கின. “முப்பத்தாறு வருஷம் இதைத்தான் சார் செய்துகொண்டிருந்தேன்” என்றார்.

அந்த விரிவுரை இருபது வயது மாணவர்களுக்காக நடத்தப்பட்டது. அவர்களுக்கு உலை ஒரு படம் மட்டுமே. இவருக்கோ உலை தெரியும், படம்தான் புதிது. முதியவர்கள் பாடம் கற்பதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொழுதுபோக்கு, ஞாபகசக்தி என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். வாழ்நாள் முழுதும் கையால் அறிந்த ஒன்றின் காரணத்தை எழுபதாம் வயதில் கண்டறிவதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் தடுக்கி நின்ற இடம் கணிதம். பற்சக்கரத்தின் மேற்பரப்பில் கரியை ஊடுருவச் செய்யும் ‘கேஸ் ஹார்டனிங்’ வேலையில், உலையின் சூட்டைச் சற்றே உயர்த்தினால் ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. பேராசிரியர் அதற்குக் காரணமாக ஒரு சமன்பாட்டை எழுதி, அதில் ‘இ’ என்ற எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பலகைக்குச் சென்றுவிட்டார். வகுப்பில் இருந்த மாணவர்களுக்கு அது பள்ளியிலேயே தெரிந்தது. இவர் அந்தப் பகுதியை ஒன்பது முறை திரும்பப் பார்த்திருக்கிறார். ஒன்பது முறையும் பேராசிரியர் அதையேதான் சொன்னார். பேத்தி, “தாத்தா, அது வட்டிக் கணக்கிலிருந்து வந்த எண்” என்று சொல்லிவிட்டுத் தன் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாள். எனவே வங்கிக்கு வந்துவிட்டார்.

நல்ல வேளையாக, வணிகவியல் பட்டதாரியான எனக்கு இது தெரிந்த பாடம். ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். எந்த வங்கியும் தராத வட்டி என்றாலும் கணக்குக்காக ஆண்டுக்கு நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் போட்டால், ஆண்டிறுதியில் ஒரே முறை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒரு முறை சேர்த்தால் 2.25. நம் வைப்புத்தொகைகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் காலாண்டுக்கு ஒரு முறை என்றால் 2.44. மாதந்தோறும் என்றால் 2.61. நாள்தோறும் என்றால் 2.71. நொடிதோறும் சேர்த்தாலும் அதற்குமேல் பெரிதாக வளர்வதில்லை, 2.718 என்று தொடங்கும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அந்த எல்லைதான் ‘இ’. 1683இல் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் பெர்னூலி கூட்டுவட்டியை ஆராய்ந்தபோதுதான் இந்த எண் தென்பட்டது. உள்ள அளவைப் பொறுத்தே வளர்ச்சியும் தேய்வும் அமையும் இடங்களிலெல்லாம் அது வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பின்னால் இருவர் காத்திருந்ததால் வேகமாகவே சொன்னேன். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போனபின் எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. யேல் பல்கலைக்கழகம் ராபர்ட் ஷில்லரின் ‘நிதிச் சந்தைகள்’ வகுப்பைப் பதிவுசெய்து இலவசமாக அளித்திருக்கிறது. 2013இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கி, மூன்றாவது விரிவுரையோடு நிறுத்தியவன் நான். இணையவழிப் பாடங்களுக்குப் பதிவு செய்வோரில் பத்தில் ஒருவர்கூட இறுதிவரை செல்வதில்லை என்பது உலகெங்கும் காணும் நிலை. இலவசமாகக் கிடைப்பதால் மதிப்பு தெரியவில்லை என்று சிலர் சொல்வர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பதிவுசெய்த ஆசிரியர் நூறு முறை சலிக்காமல் திரும்பச் சொல்வார்; காது மந்தமானவருக்கும் ஆங்கிலம் தடுமாறுபவருக்கும் அது பெரும் உதவி. ஆனால் கேட்ட கேள்விக்கு அவரால் விடை சொல்ல இயலாது. கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இல்லாத இடத்தில்தான் பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர்.

முதியோர் கல்வியைத் தொடங்கி வைத்தவர்கள் இதை முன்பே உணர்ந்திருக்கின்றனர். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். படிக்கும் பருவம், உழைக்கும் பருவம் ஆகியவற்றுக்குப் பின் வருவது மூன்றாம் பருவம். பத்தாண்டுகளுக்குள் அது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது, வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டும் அவருடைய நண்பர்களும் அதை வேறு வழியில் அமைத்தனர். ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. ஓய்வுபெற்ற கணக்காளர் கணக்கைச் சொல்லித்தருவார். ஓய்வுபெற்ற செவிலியர் அவரிடம் கற்றுக்கொண்டு, தமக்குத் தெரிந்ததை வேறொரு குழுவுக்குச் சொல்வார். நம் ஊரில் இதற்குத் தனிக் கட்டடம் வேண்டியதில்லை என்றே எண்ணுகிறேன். பெங்களூருவில் காலை ஏழு மணிக்கு ஓய்வூதியர் இல்லாத பூங்கா எது?

நம் நாட்டில் பாடங்களுக்குப் பஞ்சமும் இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் வகுப்புகள் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானதை இதைப் படிப்பவர்களில் சிலர் நினைவுகூரலாம். பிற்பகலில் வேறு நிகழ்ச்சி இல்லாததால் அதையே பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன். 2017 ஜூலையில் ‘சுவயம்’ இணையத்தளமும், ‘சுவயம் பிரபா’ என்ற பெயரில் 32 கல்வி அலைவரிசைகளும் தொடங்கப்பட்டன. கைப்பேசியோடு போராட விரும்பாதவர்களுக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு ஏற்றது. மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். நாள்தோறும் நான்கு மணி நேரப் புதிய பாடம் ஒளிபரப்பாகி, அன்றே மேலும் ஐந்து முறை மறுஒளிபரப்பாகும் வகையில் அது திட்டமிடப்பட்டது. மருத்துவமனைக்குப் போன நாளிலும் பாடம் தவறாது.

தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், நம் நகரத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிப்பயன் உடையது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படித்து, தமிழைப் பேச மட்டுமே அறிந்த ஒரு தலைமுறையே இங்கு ஓய்வு பெற்றுவருகிறது. எழுத்துகளில் தொடங்கி இலக்கியம் வரையிலான பாடங்கள் அதன் தளத்தில் உள்ளன. பேரனோடு சேர்ந்து ‘அ’ எழுதத் தொடங்கிய வாடிக்கையாளர் ஒருவரும் எங்களிடம் உண்டு. யார் முந்துகிறார் என்று வீட்டில் பந்தயமாம்.

வங்கி அலுவலர் என்ற முறையில் செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்.பி.டெல் பாடங்களைப் பார்ப்பதற்கும் பதிவு செய்வதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். அதற்கான கட்டணம் அண்மைக்காலமாகப் பாடம் ஒன்றுக்கு 1000 ரூபாய். அந்தந்தப் பருவத்தின் அறிவிப்பைப் பார்த்துச் செலுத்துங்கள். தேர்வு கட்டாயமன்று. ஆகவே, “மூத்த குடிமக்களுக்கான இலவசப் படிப்பு, பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்” என்று எவரேனும் தொலைபேசியில் அழைத்தாலோ, இணைப்பை அனுப்பி ஓ.டி.பி. கேட்டாலோ, அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, கிளைக்கும் தகவல் தாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பவர்களுக்கே இழப்பு மிகுதி.

மற்றவை சிறு உத்திகள். ஆங்கில உச்சரிப்பு விரைவாக இருந்தால் யூடியூபில் வேகத்தை 0.75 என மாற்றலாம். படத்தின் தெளிவைச் சற்றுக் குறைத்தால் டேட்டாச் செலவு குறையும். கரும்பலகை அப்போதும் தெரியும். நோட்டும் பேனாவும் அவசியம். பெரியவர் விரிவுரையின் எண்ணையும் நிமிடத்தையும் ஓரத்தில் குறித்துவைக்கிறார். சந்தேகம் எங்கே எழுந்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

ஜனவரியில் அவர் மீண்டும் வந்தார். இம்முறை அவருடன் இருவர்: ஓய்வுபெற்ற பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர், தொலைபேசித் துறையில் பணியாற்றிய ஒருவர். மூவரும் வாரத்தில் இரண்டு நாள் பூங்காவில் கூடிப் படிக்கிறார்களாம். ஆசிரியை என் தாளைப் பார்த்துவிட்டு, நாள்தோறும் கூட்டும் கணக்கில் நான் நான்காம் தசமத்தைத் தவறாகப் போட்டிருந்ததைத் திருத்தியிருந்தார். “கேட்டால் தப்பாக நினைக்கமாட்டீர்களே?” என்று தொடங்கி, வீட்டுக்கடன் மாதத் தவணையில் முதல் சில ஆண்டுகள் வட்டியே பெரும்பகுதியாக இருப்பது ஏன் என்பதை அவர்கள் குழுவுக்கு விளக்க முடியுமா என்று கேட்டார்.

“இரண்டாவது சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறைதானே சார்?” என்றார் பெரியவர், நாட்காட்டியை முன்பே பார்த்துவைத்திருந்தவராக.

விடுமுறைதான் என்று ஒப்புக்கொண்டேன். அன்றிரவு ஷில்லரின் நான்காவது விரிவுரையைத் திறந்தேன்.