கை ஏன் நடுங்குகிறது? குடியை நிறுத்திய முதல் சில நாள்கள்

நரம்பு மண்டலப் பாடம் முடிந்த ஒரு நாள். வகுப்பு கலைந்த பிறகும் ஒரு மாணவன் மட்டும் நின்றான்.

"சார், எங்கப்பா நேத்து காலையிலிருந்து குடியைத் தொடல. இன்னைக்குக் கை நடுங்குது. போன தடவையும் இப்படித்தான். கொஞ்சம் குடிச்சதும் நின்னுடுச்சு. அப்படின்னா குடிதான் மருந்தா சார்?"

அப்பாவை இன்றே கிளினிக்குக் கூட்டிப்போகும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். விளக்கம் பிறகு கொடுத்தேன். அந்த விளக்கம் உங்களுக்கும் பயன்படும்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூளையிலும் அப்படி இரண்டு குழுக்கள் உண்டு. 'காபா' என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அமைதிப்படுத்தும், 'குளூட்டமேட்' தூண்டிவிடும். இரண்டும் சமமாக இழுக்கும்வரை நாம் இயல்பாக இருக்கிறோம்.

மது காபாவின் பக்கம் சேர்ந்து இழுக்கும்; குளூட்டமேட்டின் கையையும் கட்டிப்போடும். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? சமநிலைக்காக அமைதிக் குழுவைக் குறைத்து, தூண்டும் குழுவுக்கு ஆள் சேர்த்துக்கொள்கிறது. பல மாதம், பல ஆண்டு குடித்தவரின் மூளை இந்த நிலையில்தான் இருக்கும். திடீரென மது கயிற்றை விட்டுவிட்டால் தூண்டும் குழு ஒரே இழுப்பில் இழுத்துவிடும். நடுக்கம் அதனால்தான்.

கடைசியாகக் குடித்து ஏறக்குறைய 6 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் மிகச் சிலருக்குச் சித்தப்பிரமை ஏற்படும்: காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, இல்லாததைக் காண்பது, இருக்கும் இடமே தெரியாத குழப்பம். இந்நிலையை 1813இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் சட்டன் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப் பெயரிட்டு விவரித்தார். சிகிச்சை இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து.

குடிதான் இதற்குக் காரணமா, சத்துக்குறைவா என்று மருத்துவர்கள் நீண்ட காலம் வாதிட்டார்கள். 1955இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிஸ் இஸ்பெல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முன்பு மார்ஃபின் பழக்கம் இருந்த 10 ஆண்களுக்கு, நல்ல உணவோடு மதுவும் கொடுத்து, பிறகு திடீரென நிறுத்தினார். 48 நாளுக்கு மேல் தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வந்தன. திடீர் நிறுத்தமே காரணம் என்பது தெளிவானது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். மறுபடி குடித்தால் மது திரும்பவும் கயிற்றைப் பிடிக்கிறது, நடுக்கம் நிற்கிறது. சில மணி நேரத்தில் அது விட்டுவிடும், நடுக்கம் திரும்பும். ஆக, அது மருந்தல்ல. மருத்துவர் தரும் டயசிப்பாம் போன்ற மருந்தும் காபாவுக்குத்தான் துணை நிற்கிறது. ஆனால் அளவைப் படிப்படியாகக் குறைத்து, கயிற்றை மெல்ல விடுகிறது. நீண்ட காலம் குடிப்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும் என்பதால் அதையும் கொடுப்பார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கும். தூக்கமும் மனநிலையும் சீராகச் சில வாரங்கள் ஆகலாம்.

நம் சிலாங்கூர் தோட்டங்களுக்கு இது புதிய கவலை அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கள்ளுக்கடை போனாலும் சம்சு போகவில்லை.

வீட்டில் தினமும் அதிகம் குடிக்கும் ஒருவர் நிறுத்த முடிவெடுத்தால், அது நல்ல முடிவு. ஆனால் அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்த வேண்டாம். முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. வலிப்பு, குழப்பம், கடும் காய்ச்சல் கண்டால் உடனே 999ஐ அழையுங்கள். வலிப்பின்போது வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

அவரைக் குணப்படுத்துவது உங்கள் பொறுப்பல்ல, மாணவர்களே. தனியாகச் சுமக்காமல் நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அந்த மாணவன் செய்ததும் அதுதான்.