பழைய இஸ்தோப்பும் புதிய வீடும்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில நோக்கிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே நீண்டு கிடக்கும் லயன்களைக் காணும் வெளியூரவர் கண்ணில் முதலிற் படுவது தகரக் கூரையே. அதன் கீழ் வாழ்வோருக்கோ வீடு என்றதும் நினைவில் எழுவது இஸ்தோப்பு. திண்ணையும் தாழ்வாரமும் ஒன்றாகிய அவ்விடத்துக்கு ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்த பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இருக்கும் அறைக்குப் போர்த்துக்கேயர் தந்த 'காம்பிரா' என்னும் பெயர். பகலெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பிய தாய் கால் நீட்டி அமர்வதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், திருமணப் பேச்சு தொடங்குவதும், இறந்தவரைக் கிடத்தி அழுவதும் இந்த இஸ்தோப்பிலேதான்.

இவ்வட்டாரத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியப் பணி புரியும் என்னிடம், விண்ணப்பம் எழுதித் தரும்படி வருவோர் பலர். மழைக்காலம் கழிந்ததும் அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. தூண் இற்று, தரை வெடித்துப்போன பழைய இஸ்தோப்பைப் பிரித்துச் சீர்செய்வதா? அன்றி அப்பணத்தைச் சேர்த்து வைத்துப் புதிதாகவே கட்டிக்கொள்வதா? கொழும்பில் வேலை செய்யும் மகன் மாதந்தோறும் அனுப்பும் சிறு தொகையை நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது இலேசான கேள்வியன்று. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒருத்தி அவ்வீட்டில் இருக்கிறாள். ஒழுகாத இடமென்று அவளுக்கு எஞ்சியிருப்பது இஸ்தோப்பின் ஒரு மூலை மாத்திரமே.

அனுபவம் மிக்க மேசன் ஒருவரை அவ்வீட்டார் அழைத்திருந்தனர். அவர் சுவரைப் பார்க்குமுன் குனிந்து தூணின் அடியைப் பார்த்தார். கூரை நீர் சொட்டித் தெறிக்கும் இடமும் மரம் மண்ணைத் தொடும் இடமும் அதுவேயாதலால், இற்றுப்போதல் அங்கேயே தொடங்குகிறது. கத்திமுனையால் குத்திப் பார்த்தார். வைரம் பாய்ந்த மரமாயின் முனை நின்றுவிடும், உளுத்ததாயின் எளிதில் உள்ளே இறங்கும். அடுத்துச் சுவர் வெடிப்புகளை ஆராய்ந்தார். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்பு அஞ்சத்தக்கதன்று. மூலையிலிருந்து சரிந்து ஏறி, மேலே செல்லச் செல்ல அகலும் வெடிப்போ அத்திவாரம் அசைவதற்கு அடையாளம். அதன் குறுக்கே சிறிது சீமெந்தைப் பூசித் திகதியைக் குறித்து வைத்தால், சில வாரங்களில் உண்மை வெளிப்படும்; பூச்சு பிளந்தால் அசைவு ஓயவில்லை என்பது பொருள்.

"தூணை மாத்திடலாங்க, வாத்தியாரய்யா. நிக்கிற தரையை மாத்த முடியுங்களா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தொழிலறிந்தவரின் இக்கூற்றில் முழு நியாயமும் அடங்கியுள்ளது. அடித்தளம் உறுதியாயின் மேலுள்ளதைப் புதுப்பிப்பதே சிக்கனம். அது கெட்டிருப்பின் மேலே செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் வீண். உலகெங்கும் வீட்டுக்காரர் இந்த விதியைக் கொண்டே முடிவு செய்வர். ஆயின் லயனில் வாழ்பவர்க்கு இவ்விதி மட்டும் போதாது. கூரை ஒன்று, சுவர்கள் பொது. ஒரு குடும்பம் தன் பகுதியை இடித்தால் அயல்வீட்டுச் சுவர் துணையின்றி நிற்கும். இஸ்தோப்பின் வளையை மாற்றுவதற்கும் அடுத்த வீட்டாரின் உடன்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலம் அவர்களுடையதன்று.

இந்நிலை நேர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம். கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பறிப்புப் பருவத்துக்கு வந்து, பின் ஊர் திரும்புவோராய் இருந்தனர். வந்து தங்கிப் போவோருக்கு வரிசை அறைகள் போதுமெனக் கருதப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். ஆகவே மக்கள் நிலையாகத் தங்கினர். குடியிருப்பின் அமைப்போ தங்கிச் செல்வோருக்கு உரியதாகவே நின்றது. 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்பும் பல தலைமுறைகளுக்கு வீடாயின.

1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்றறியாதவன் இன்று எந்தச் சுவரைக் கட்டுவான்? தகரத்தின் ஓட்டையைத் தாரால் அடைத்து, உடைந்த தூணுக்கு முட்டுக் கொடுத்து வாழ்ந்ததை அக்கறையின்மை என்று கூறுவோர், இந்த அச்சத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டது காரணமின்றியன்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமையை எளிதாக்கிய சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இப்பொழுது தனி வீடு என்பது வெறும் கனவாக இல்லை. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்னும் திட்டத்தில் மலையகத்தின் பல இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. 4,000 வீடுகளுக்கு உதவிய இந்தியா, மேலும் 10,000 வீடுகளுக்கு உதவுமென்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. 120 சதுர அடி அறையோடு 550 சதுர அடியை ஒப்பிட்டால் நான்கரை மடங்குக்கு மேல். 7 பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. முற்றமும் காய்கறித் தோட்டமும் அமைக்க இடமுண்டு. ஆயினும் தேவையோடு நோக்குமிடத்து எண்ணிக்கை சிறிது. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதிலும் ஆபத்துண்டு. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டமும் மண்சரிவால் பல உயிர்களை இழந்தது. நிலத்தில் புதிய பிளவு, சாயத் தொடங்கும் மரங்கள், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்று, காரணமின்றி இறுகும் கதவு ஆகியவை தோன்றினால் சீர்திருத்தம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்து வெளியேறி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அறிவிக்க வேண்டும். அத்தகைய சரிவில் புதுவீடு கட்டுவதும் பழையதைத் திருத்துவதும் ஒரே தவறு.

நல்லவேளையாக, நான் கூறிய வீட்டின் நிலம் அசையவில்லை. தூணடி மட்டுமே இற்றிருந்தது. பின்புறக் கான் தூர்ந்து, நீர் சுவரடியில் தேங்கியிருந்தது. மேசன் வழி சொன்னார். தாய் முடிவு செய்தாள். முதலில் கான் வெட்டி நீரைத் திருப்பினர். புதிய தூண்களை மண்ணில் புதைக்காமல், கருங்கல் பீடங்களின் மேல் நிறுத்தி ஆணிக்குப் பதில் போல்ட்டுகளால் பிணைத்தனர். தரைக்குப் பெருஞ்செலவு செய்யவில்லை. காணி கிடைக்கும் நாளில் தூண், வளை, தகரம் யாவையும் கழற்றி அங்கே கொண்டு செல்லலாம். மிஞ்சிய பணம் வங்கியில் இருக்கிறது. காணி உறுதியைக் கோரும் விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன்.

தன் பெயரில் நிலமில்லாதவன், கழற்றி எடுத்துச் செல்லக்கூடியதில் செலவிடுவதே விவேகம் என்பதை அத்தாயிடம் நான் கற்றேன். புதிய வீடுகளைத் திட்டமிடுவோருக்கும் ஒரு வேண்டுகோள். தனி வீட்டுக்குத் தனிச் சுவர் அவசியமே. ஆயின் அயலார் வந்து அமரவும் பிள்ளைகள் கூடிப் படிக்கவும் போதிய அகலத்தோடு ஓர் இஸ்தோப்பையும் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். அதற்கு வேண்டிய தூண்கள் பன்விலயில் ஒரு வீட்டிலாவது தயாராக நிற்கின்றன.