உங்களுக்குத் தெரியுமா? மடியில் பூனை, மூக்கில் தும்மல்

தாய்ப் பூனை குட்டியைக் கவ்விக் காப்பதுபோல, இறைவன் தானே வந்து பக்தனைக் காப்பான் என்பது தென்கலை வைணவத்தின் மார்ஜார நியாயம். தத்துவப் பூனையால் தும்மல் வராது. வீட்டுப் பூனையால் வரலாம்!

● முடி காரணமல்ல: பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ‘ஃபெல் டி 1’ என்ற புரதமே முக்கியக் காரணம். பூனை உடம்பை நக்கும்போது அது முடியெங்கும் பரவும். முடியில்லாத ஸ்ஃபிங்ஸ் பூனைக்கும் இது உண்டு.

● காற்றில் மிதக்கும்: இதைச் சுமக்கும் நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும், உடையில் ஒட்டிக்கொண்டு, பூனையே இல்லாத வகுப்பறைக்கும் போகும்.

● போனாலும் போகாது: பூனையை வெளியே அனுப்பிய பிறகும் இந்தப் புரதம் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்கும்.

● ஆண் பூனையா? கருத்தடை செய்தால் இந்தப் புரதம் சுரப்பது குறையும்.

● சேர்ந்து வாழ: பூனையைப் படுக்கையறைக்குள் விடாதீர்கள். போர்வை, தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். பூனையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள்.

● பழி போடும் முன்: தூசிச் சிற்றுண்ணியாலும் கரப்பானாலும்கூட இதே தும்மல் வரும். தோல் ஒவ்வாமைப் பரிசோதனை உண்மையான காரணத்தைக் கண்டறிய உதவும். மூச்சிரைப்பு இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.