நன்றியும் விசுவாசமும்: பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறோம்?

"நன்றி விசுவாசம் வேண்டும்" என்று நம்மவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதுண்டு. உதவி செய்தவருக்குக் கட்டுப்பட்டு நட என்பதே அதன் பொருள். ஆனால் விசுவாசம் என்ற அதே சொல்லைத்தான் இறைவன் மீது நாம் வைக்கும் நம்பிக்கைக்கும் பயன்படுத்துகிறோம். கத்தோலிக்க பாடசாலை வாழ்வில் நன்றியும் விசுவாசமும் இணைந்தே வருகின்றன. அவற்றின் உண்மைப் பொருளை அறிவது இடம்பெயர்ந்து வாழும் பெற்றோருக்கு மிக அவசியம்.

தோட்டம் கற்பித்த நன்றி

ஊவா மலைத்தோட்டங்களில் நன்றி என்பது நீண்ட காலமாகப் பணிவையே குறித்தது. லயத்துக் காம்பராவும், அரிசியும், பிள்ளைப் படிப்பும் துரை போட்ட பிச்சை போலக் கருதப்பட்டன. உண்மை வேறு. தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்யும் கடமையை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியிருந்தது. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் 1977 க்குப் பின்னரே படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. உரிமையாகக் கிடைக்க வேண்டியது பிந்திக் கிடைத்தது. பிந்திக் கிடைத்த உரிமையைத் தருமம் என்று எண்ணத் தேவையில்லை.

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களால் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டி விவசாயம் செய்தன. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்தபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்க வைக்கப்பட்டனர். இத்தகைய வேளைகளில் உதவி பெறும் பிள்ளையின் மனதில் இரண்டு எண்ணங்களில் ஒன்று வேரூன்றலாம். "நாங்கள் கையேந்துபவர்கள்" என்பது ஒன்று. "எங்களுக்கும் அயலார் உண்டு" என்பது மற்றது. நாம் கற்பிக்கும் நன்றியைப் பொறுத்தே இது அமையும்.

விசுவாசம் கற்பிக்கும் நன்றி

விவிலியத்தில் இஸ்ராயேல் விவசாயி முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவந்து படைக்கிறான். அப்போது தன் முன்னோர் அலைந்து திரிந்ததையும், அந்நிய நாட்டில் அடிமைப்பட்டதையும், இறைவன் விடுவித்ததையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். பின்னர் அந்த விளைச்சலில் அவனோடு மகிழ்வதற்கு அந்நியருக்கும் இடமுண்டு. அதாவது, இடம்பெயர்ந்த கதையை மறைக்காமல் சொல்வதே இங்கு நன்றியின் தொடக்கம். பகிர்வது அதன் முடிவு.

இயேசு பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவரே. அவரும் சமாரியர், பிற இனத்தவர். அவரைத் தன் காலடியில் கிடக்க விடாமல் எழுந்து செல்லும்படி இயேசு சொன்னார். உண்மையான நன்றி மனிதனை எழுந்து நிற்கச் செய்கிறது. நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளும் நன்றி செலுத்துதல் என்பதே. அங்கே பலிபீடத்துக்கு வருவது நிலத்தின் விளைச்சலும் மனித உழைப்பின் பயனும் ஆகும்.

கொடுப்பவருக்கும் இந்தப் பாடம் உண்டு. பதுளை மறைமாவட்டம் 1972 இல் உருவானது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயராக வந்தார். அவர் செபத்தையும் உழைப்பையும் இணைத்துப் போற்றும் பெனடிக்ற் சபையைச் சேர்ந்தவர். குருத்துவ மாணவர் மக்களிடையே சென்று அவர்களிடமும் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஏழைகளிடமிருந்து பெறும் திருச்சபையும் அவர்களுக்கு நன்றிக் கடன்பட்டதே.

நாம் செய்யக் கூடியவை

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான கத்தோலிக்க பாடசாலைகள் அரசிடம் சென்றன. ஆகவே இன்று நம் பிள்ளைகளில் பலர் அரசாங்கப் பாடசாலையில் கத்தோலிக்க திருமறையைப் பாடமாகவும், ஞாயிறு மறைக்கல்வியைப் பங்கிலும் கற்கின்றனர். மீதியை வீடு கற்பிக்க வேண்டும்.

1. இரவுச் செபத்தில், அன்று தனக்காக உழைத்த ஒருவரின் பெயரைப் பிள்ளை சொல்லட்டும். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டியும், பாடம் சொன்ன ஆசிரியரும், பஸ் ஓட்டியவரும் அதில் இடம்பெறட்டும்.

2. வீட்டுத் தோட்டத்தின் முதல் கீரையை அல்லது போஞ்சியை, எந்தச் சமயத்தவராயினும், நோயுற்ற அயலவருக்குப் பிள்ளையின் கையால் கொடுங்கள். தைப்பொங்கல் இதற்கு நல்ல நாள்.

3. உதவி கிடைத்தால் நன்றி சொல்லுங்கள். ஆசிரியரோ தளபாடமோ இல்லையென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேளுங்கள். இரண்டையும் பிள்ளைகள் பார்க்கட்டும். நன்றி சொன்ன வாய் நியாயம் கேட்கக் கூடாது என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

4. உதவி வழங்குவோருக்கும் ஒரு வார்த்தை. கொப்பியையும் பையையும் கையில் பிடிக்கச் செய்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். அது அவர்களுக்குக் கூச்சத்தையே கற்பிக்கும்.

அன்பான பெற்றோரே, நிலத்தையும் வீட்டையும் இழந்த நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க இன்னும் ஒரு சொத்து உண்டு. மனிதருக்கு அஞ்சிப் பணியாமல், இறைவனுக்கும் உழைப்பவருக்கும் நிமிர்ந்து நின்று நன்றி சொல்லும் மனமே அது. அதை இன்றிரவுச் செபத்திலேயே தொடங்குவோம்.