பாறைக்குள் ஒரு பாதை – 11: பிட்டைத் தின்பது எது?

பாறையைக் குடையும் முனையான பிட் சீக்கிரம் தேய்கிறதா? பாரத்தைக் குறை, மெதுவாகப் போ. எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்குகளில் பல தலைமுறையாகச் சொல்லிவந்த பாடம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடினப் பாறையில் இந்தப் பாடமே எத்தனையோ பிட்டுகளைக் காவு வாங்கியிருக்கிறது. அதைக் கண்ணுக்குக் காட்டியவை சென்சார்கள்.

ஒரு பிட் தேய்வதில் அப்படி என்ன நஷ்டம்? அதன் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். 3 கிலோமீட்டர் ஆழத்தில் பிட் மழுங்கினால், அத்தனை குழாயையும் மேலே இழுத்து, கழற்றி, அடுக்கி, புது பிட்டை மாட்டி, மறுபடி ஒவ்வொன்றாகக் கோத்து இறக்க வேண்டும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. அந்த நேரமெல்லாம் கிணறு ஓர் அங்குலம்கூட ஆழமாகாது. ரிக் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

துளைக்கும் வேகத்தை அளப்பது பெரும்பாலும் பிட்டில் அல்ல, தரைக்கு மேலே. குழாய்களைத் தாங்கும் கம்பிவடம் சுற்றிய டிரம்மில் ஓர் என்கோடர் இருக்கும். டிரம் எவ்வளவு சுழன்றது என்பதை வைத்துக் குழாய் எவ்வளவு இறங்கியது என்று கணக்கிடுவார்கள். வடத்தின் அசையாத முனையில் உள்ள சென்சார், கொக்கியில் தொங்கும் எடையைச் சொல்லும். பிட் அடியில் ஊன்றியதும் அந்த எடை குறையும். எவ்வளவு குறைந்ததோ அதுவே பிட்டின்மேல் ஏறிய பாரம். முறுக்குவிசையும் சுழற்சி எண்ணிக்கையும் சுழற்றும் மோட்டாரிலிருந்து கிடைத்துவிடும்.

வேகத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. மணிக்கு 15 மீட்டர் இறங்கிக்கொண்டிருந்த பிட், திடீரென்று 6 மீட்டருக்கு விழுகிறது. பிட் மழுங்கிவிட்டதா? கடினமான பாறை வந்துவிட்டதா? வெட்டிய தூள் பற்களில் அப்பிக்கொண்டதா? அடியில் அதிர்வு கண்டிருக்கிறதா? எதுவானாலும் திரையில் தெரிவது அதே 6தான்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழியை 1965இல் டீல் என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். ஒரு கன அளவு பாறையைப் பெயர்க்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதே அவருடைய அளவுகோல். பாரம், முறுக்குவிசை, சுழற்சி, வேகம், துளையின் விட்டம் ஆகிய ஐந்தும் தெரிந்தால் போதும். மிகச் சிறப்பாகத் துளைக்கும்போது இந்த எண், பாறையின் நசுக்குவலிமைக்கு நெருக்கமாக வந்து நிற்கும் என்பதையும் அவர் கண்டார். அப்படியானால் அதற்கு மேல் செலவாகும் ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகவும் அதிர்வாகவும் மாறுகிறது. அதில் ஒரு பகுதியைத் தாங்க வேண்டியது பிட்தான்.

எக்ஸான்மொபில் நிறுவனத்தின் ஃபிரெட் டுப்ரீஸ்ட், கோடரிட்ஸ் என்பவருடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கணக்கை ரிக்கின் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிரில்லரின் கண்முன் திரையில் அந்த ஆற்றல் எண் ஒரு வளைகோடாக ஓடிக்கொண்டே இருக்கும். பாரத்தைச் சிறிது ஏற்றிப் பார்ப்பார். கோடு இறங்கினாலோ அப்படியே நின்றாலோ இன்னும் ஏற்றலாம். விறுவிறுவென்று மேலே போனால் ஏதோ கோளாறு, நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

கோளாறுகளில் இரண்டு மிகக் கொடியவை. ஒன்று, பிட் தன் அச்சில் நிற்காமல் துளைக்குள் தள்ளாடிச் சுழல்வது. மற்றொன்று, அடியில் பிட் மாட்டிக்கொண்டு நிற்க, மேலே குழாய் முறுக்கேறிக்கொண்டே போய், சட்டென விடுபட்டு வழக்கமான வேகத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் பிட் சுழல்வது. இரண்டுமே பற்களை உடைக்கும். ஆனால் பொதுவாக முதலாவதற்கு மருந்து பாரத்தைக் கூட்டுவது, சுழற்சியைக் குறைப்பது. இரண்டாவதற்கோ பாரத்தைக் குறைப்பது, சுழற்சியைக் கூட்டுவது. நோயை மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்தே விஷமாகும். "எதற்கும் பாரத்தைக் குறை" என்ற பழைய பாடம் தோற்றது இங்கேதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு 120 சுற்று, மணிக்கு 6 மீட்டர் என்றால், ஒரு சுற்றுக்கு பிட் இறங்குவது சுமார் 0.8 மில்லிமீட்டர். பாரத்தைக் குறைத்து இதையும் சுருக்கினால் பல் பாறையை வெட்டாது, உரசும். உரசினால் சூடேறும். வைரப் பல்லின் துகள்களைப் பிணைத்திருக்கும் கோபால்ட், ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைரத்தைவிட அதிகமாக விரிந்து அதைப் பிளக்கத் தொடங்கும். பூமியின் மிகக் கடினமான பொருள் மெதுவாகப் போனதாலேயே பாழாகும்.

இந்தப் புதிய பாடத்துக்குக் கிரானைட்டில் தேர்வு வைத்த இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மில்ஃபோர்ட் ஊருக்கு அருகே உள்ள ஃபோர்ஜ் புவிவெப்ப ஆய்வுக்களம். 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறைக்குள் சாய்வான கிணறு ஒன்றை 2020 அக்டோபரில் துளைக்கத் தொடங்கினார்கள். அப்போது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்த டுப்ரீஸ்டின் குழு அதற்கு வழிகாட்டியது. கிரானைட்டுக்கு வைரப் பல் ஒத்துவராது என்ற நம்பிக்கை அதுவரை வலுவாக இருந்தது. ஒவ்வொரு பிட்டும் மேலே வந்ததும் பற்களைப் படம் எடுத்தார்கள். சேதம் எந்தப் பக்கம் என்பதைச் சென்சார் பதிவோடு ஒப்பிட்டார்கள். அடுத்த பிட்டின் வடிவத்தையும் பாரத்தையும் அதற்கேற்ப மாற்றினார்கள். அடுத்தடுத்த கிணறுகளில் வேகமும் கூடியது, பிட்டின் ஆயுளும் நீண்டது. எனக்குப் பெரிதாகப் படுவது வேகம் கூடியதல்ல, தேய்ந்த பிட்டை யாரும் குப்பையில் போடாமல் அதைப் படித்த அந்தப் பொறுமைதான்.

மேலே அளப்பதில் ஒரு குறையும் உண்டு. வளைந்த கிணற்றில் குழாய் சுவரோடு உரசும். ஏற்றிய பாரம் முழுதும் பிட்டைச் சேராது. அதனால் பிட்டுக்கு அருகிலேயே அதிர்வுமானிகளை வைக்கிறார்கள். அவை துளைக்குள் ஓடும் துரப்பணச் சேற்றின் அழுத்தத் துடிப்புகள் வழியே மேலே சேதி அனுப்பும். நொடிக்குச் சில பிட் (இது கணினியின் பிட்) தகவல்தான் பெரும்பாலும் வரும். முழு விவரம் கருவி மேலே வந்தபின்தான் கிடைக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் வண்டிகள் துளைப்பதும் பெரும்பாலும் கிரானைட் போன்ற கடினப் பாறைதான். அந்த வண்டிகளில் உள்ள ஹேமரின் வழி வேறு; அது சுரண்டாது, இடிக்கும். இருந்தாலும் அதன் முனையில் உள்ள பட்டன் பிட்டின் குமிழ் போன்ற பட்டன் தட்டையாகத் தேயத் தேய இறங்கும் வேகம் குறையும். தேய்ந்த பரப்பின் அகலம் பட்டனின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போதே தீட்டிவிட வேண்டும். தவறினால் பட்டன் வெடித்து உடையும். பழகிய டிரில்லர் இதைச் சத்தத்திலும் தூளிலும் கண்டுபிடிப்பார். வண்டி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: விலையுயர்ந்த சென்சார் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ராடும் இறங்க ஆன நிமிடத்தையும், அப்போதைய காற்றழுத்தத்தையும், பிட் எத்தனை அடி ஓடியது என்பதையும் ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.