மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பும் உணவூட்டமும்

முன்னுரை

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 270ஆக இருக்கும் எலும்புகளுட் சில வளர்ச்சியின்போது ஒன்றோடொன்று இணைவதால், வளர்ந்தோரிடம் 206 எலும்புகளே காணப்படுகின்றன. முறிந்த எலும்பு மீண்டும் கூடுகிறது; ஆனால் அழிந்த மூட்டுக் குருத்தெலும்பு பழைய நிலையை எய்துவதில்லை. 1743ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் இதனைச் சுட்டியுள்ளார். இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பு

எலும்பு குருதிக்குழாய்கள் நிறைந்தது. முறிவிடத்தில் குருதி உறைந்து, அங்குப் புதிய திசு வளர்ந்து, பின்னர் எலும்பாக மாறுகிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்போ பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் எடையில் 65 முதல் 80 விழுக்காடு நீராகும். கொலாஜன் இழைகள் இழுவிசையைத் தாங்குகின்றன. புரோட்டியோகிளைக்கன்கள் நீரை ஈர்த்து வைத்து அழுத்தத்தைத் தாங்குகின்றன. குருதிக்குழாயோ நரம்போ அதில் இல்லை. ஆகவே, தேய்வின் தொடக்கத்தை வலி உணர்த்துவதில்லை. பழுதைச் சீராக்கும் செல்களும் குருதிவழி வந்து சேர்வதில்லை. பழுது அடியிலுள்ள எலும்புவரை ஆழ்ந்தால், அங்கு வளர்வது வலிமை குறைந்த நார்க் குருத்தெலும்பே.

உணவூட்டம்

குருத்தெலும்புச் செல்கள் பெரிதும் மூட்டின் உயவுநீரிலிருந்தே உணவு பெறுகின்றன. நடக்கும்போது அழுந்தி நீரை வெளிவிடும் குருத்தெலும்பு, சுமை நீங்கியதும் அதனை மீண்டும் உறிஞ்சுகிறது. நெடுநாள் அசைவற்றிருக்கும் மூட்டில் அது மெலிகிறது.

முடிவுரை

எனவே, ஓய்வே மூட்டைக் காக்கும் என்னும் பொதுக்கருத்து முழுமையானதன்று. அளவான அசைவு குருத்தெலும்பிற்கு ஊட்டம். அளவிறந்த சுமை ஊறு. மீளா உறுப்பாதலின், அழியுமுன் பேணுதலே அறிவுடைமையாகும்.