டிரெய்லருக்கு ஜாதகம் இருக்கா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. ராசிபுரம் பக்கமோ ஆத்தூர் பக்கமோ அஞ்சாறு ஏக்கர் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காரில் போய், வரப்பில் நின்று வானத்தைத் திட்டிவிட்டுத் திரும்பி வரும் 'பார்ட்-டைம்' விவசாயிகள் இந்த ஏரியாவில் உண்டு. டிராக்டரின் ஆர்.சி. புக் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். "சரி, டிரெய்லருக்கு?" என்று இவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

"அதுக்கெதுக்குங்க? அதுல இன்ஜினே இல்லையே!"

"ரோட்டுக்கு வருமா?"

"வருஷத்துல நாலு நாள் வருங்க. குச்சிக்கிழங்கு வெட்டுறப்ப சேகோ பேக்டரிக்கு ரெண்டு நடை... மத்த நாளெல்லாம் புளியமரத்தடியிலதான் கெடக்கும். கோழி ஏறி முட்டை போடும்!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திடம் இந்தக் கோழி நியாயம் எடுபடாது. 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடக்கம். மோட்டார் வண்டி இழுத்தாலும் சரி, இழுப்பதற்கென்று செய்து வைத்திருந்தாலும் சரி, அது டிரெய்லர்தான். காளை மாடு பூட்டிய வண்டியைக் கேட்காத கேள்வியெல்லாம் டிராக்டர் பூட்டிய வண்டியைக் கேட்பார்கள்.

அதே சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. பொதுமக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் பொது இடம்தான். தார் போட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தப் பக்கத் தோட்டத்திலிருந்து அந்தப் பக்கத் தோட்டத்துக்கு ரோட்டைத் தாண்டினால்கூடக் கணக்கில் வந்துவிடும். வருஷத்துக்கு எத்தனை நாள் என்று சட்டம் கேட்பதே இல்லை!

மாட்டினால்? 192-வது பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவை 5,000-லிருந்து 10,000 வரை. ஒரு வருஷம் வரை ஜெயிலுக்கும் வழி இருக்கிறது. அவசரத்துக்கு நோயாளியை ஏற்றிப் போனாலோ, ஆபத்துக் காலத்தில் நிவாரணப் பொருள் கொண்டு போனாலோ மன்னிப்பு உண்டு. அதையும் ஏழு நாளைக்குள் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். குச்சிக்கிழங்கு அவசரம் இந்தப் பட்டியலில் சேராது!

இன்னொரு வேடிக்கை, நம்பர் விஷயம். டிரெய்லருக்கென்று தனி நம்பர் உண்டு. அதைப் பக்கவாட்டில் எழுத வேண்டும். பின்பக்கம் எழுத வேண்டியது இழுக்கிற டிராக்டரின் நம்பர். சொந்தப் பெயர் ஒன்று, புகுந்த வீட்டு இனிஷியல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் ரோடுகளில் பின்னால் ஒரு நம்பர், பக்கவாட்டில் முருகன் துணை... அவ்வளவோடு சரி.

லாரி பாடி கட்டுவதில் பேர் போன நாமக்கல்லும், லாரிகளால் பிழைக்கிற சங்ககிரியும் பக்கத்தில் இருக்க, எஃப்.சி., பர்மிட் என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு. அந்த ஊர்க்காரர்களே டிராக்டர் டிரெய்லர் என்றால் மட்டும், "பெட்டிதானே!" என்று விட்டுவிடுகிறார்கள்.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். கட்ட முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது.

மூட்டைக்கு மேலே உட்கார்ந்து வருகிறார்களே, வெட்டாட்களும் லோடு ஆட்களும், அவர்கள் கணக்கு அது. வண்டி ஒரு குழியில் இறங்கி, மேலே இருந்தவர் சக்கரத்தில் விழுந்தால்? 2007-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இப்படிப்பட்டதுதான். டிரெய்லரில் மண் ஏற்றும் வேலைக்குப் போன ஒரு கூலித் தொழிலாளி அடிபட்டார். டிராக்டருக்கு விவசாய வேலைக்கான இன்ஷூரன்ஸ் இருந்தது; டிரெய்லருக்கு இல்லை. கம்பெனி பொறுப்பல்ல என்று சொன்ன கோர்ட், ஏழைத் தொழிலாளியின் நிலைமையைப் பார்த்து, 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்றது. கடைசியில் பில் வந்து நிற்கிற இடம் எது என்று புரிகிறதல்லவா? தோட்டத்தை விற்றாலும் தீராத கடனாக அது ஆகிவிடலாம்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார், வாடகைக்கு ஒரு நடை அடிச்சேன்" என்றால் சிக்கல் இன்னும் ஜாஸ்தி. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் சரக்கு வண்டி ஆகிவிடும் என்று 2005-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2014-ல் ஒரு ஆறுதலும் கிடைத்தது: பாசனத் தொட்டி கட்ட மணல் ஏற்றிப் போனதை மட்டும் வைத்து அதை வியாபாரம் என்று சொல்லிவிட முடியாது என்றது. சொந்த நிலத்து வேலை வேறு, வாடகை வேறு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. டிரெய்லர் வாங்கும்போதே விற்பனைச் சான்றையும், ரோட்டுக்குத் தகுதி என்ற சான்றையும் பட்டறையில் கேட்டு வாங்குங்கள். "பேப்பரெல்லாம் எதுக்குங்க, ரேட்டைக் குறைச்சுக்கலாம்" என்பார்கள், மயங்க வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் நம்பரும் ஏறியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். ஆட்களை மூட்டைமேல் ஏற்றாமல் பஸ்ஸில் அனுப்புங்கள். டிக்கெட் காசு உங்களுடையதாக இருக்கட்டும்.

நாலு நாள் ரோட்டுக்கு வருகிற வண்டிக்கு இவ்வளவா என்று தோன்றும். விபத்துக்கு நாலு நாள் எதற்கு? நாலு செகண்ட் போதுமே!